ஏவும்போது உதிரும் துண்டுகள்: கொலம்பியாவோடு முடிந்த பிரச்சினையா?

பம்பலப்பிட்டி மாஸ்டர் | சனி, இரவு 8.40

உயர்தர வகுப்பில் சார்பு வேகம் படிப்பிக்கும்போது நான் வழமையாக எடுக்கும் உதாரணம் கொலம்பியா விண்ணோடம். கதை பலருக்குத் தெரியும். 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்டு 81.7 செக்கன் ஆனபோது, வெளி எரிபொருள் தாங்கியின் மேல் பூசிய நுரையிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்து ஓட்டை போட்டது. விண்ணோடம் சுற்றுப்பாதைக்குப் போனது, ஆய்வு வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பெப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியாகச் சுடுவாயு இறக்கைக்குள் புகுந்து, டெக்சாஸ் வானில் விண்ணோடம் உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த முறை பிள்ளைகள் கேட்டது வேறு. "சேர், இப்ப மனிதர் போகிற கலம் ரொக்கெட்டின் உச்சியில்தானே இருக்கு. அதற்கு மேலே இருந்து விழ ஒன்றும் இல்லை. அப்ப இது பழைய கதைதானே?" ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. இங்கே விமானத்தில் கை வைக்கிறவர்கள், குளிரூட்டல் வேலை செய்கிறவர்கள் எல்லாம் இருக்கிறீர்கள். என்ன நினைக்கிறீர்கள்?

முகத்துவாரத்தான் | சனி, இரவு 9.05

எனக்கு முதல் கேள்வியே தீரவில்லை சேர். நுரை என்றால் ரெஜிபோம் மாதிரித்தானே? மீன் பெட்டி மூடி கடற்காற்றில் பறந்து வந்து எத்தனை தரம் எங்கள் முகத்தில் பட்டிருக்கிறது. ஒரு மூக்குக்கூட உடைந்ததில்லை. இறக்கை உடைந்ததாம். நாசாக்காரர்கள் வேறு எதையோ மறைக்கிறார்கள்.

பம்பலப்பிட்டி மாஸ்டர் | சனி, இரவு 9.32

தம்பி, எடையை மட்டும் பார்க்கிறீர்கள். வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

விபத்தை ஆராய்ந்த குழுவின் கணக்குப்படி துண்டின் எடை முக்கால் கிலோ அளவு. அப்போது உயரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர், வேகம் மணிக்கு 2,500 கிலோமீற்றர் அளவு. பிய்ந்த கணத்தில் நுரைக்கும் அதே வேகம்தான். பாரமான இரும்புத் துண்டு ஒன்று பிய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் விண்ணோடத்தின் கூடவே போயிருக்கும். நுரை இலேசானது என்பதால்தான் காற்று அதை உடனே பிடித்துக்கொண்டது. 0.16 செக்கனுக்குள் அதன் வேகம் 1,650 அளவுக்கு இறங்கிவிட்டது. விண்ணோடம் குறையாத வேகத்தில் வந்து அதன்மேல் ஏறியது. மோதியபோது வித்தியாசம் மணிக்கு 870 கிலோமீற்றருக்கு மேல், அதாவது செக்கனுக்கு 240 மீற்றருக்குச் சற்று அதிகம்.

இயக்கசக்திச் சூத்திரத்தில் போட்டால் 22 கிலோயூல் வருகிறது. ஒரு தொன் கார் மணிக்கு 24 கிலோமீற்றரில் வந்து இடிக்கும் சக்தி. இடிபட்ட இடம், காபன் இழையால் செய்த, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத வளைந்த பலகை. திரும்பி வரும்போது அதன் முகப்பில் 1,600 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏறும். உள்ளே இருக்கும் சட்டகம் அலுமினியம். அது 660 பாகையிலேயே உருகிவிடும்.

உங்கள் மூக்கு தப்பியது, படகு மணிக்கு 870இல் ஓடாததால்.

தெஹிவளைத் தேனீ | சனி, இரவு 10.10

முகத்துவாரத்து அண்ணாவுக்கு: இதே சந்தேகம் நாசாவுக்குள்ளேயே பலருக்கு இருந்தது. விபத்து நடந்த பிறகும்கூட நுரையால் அது முடியாது என்று நின்றவர்கள் உண்டு. அதனால்தான் சுட்டுப் பார்த்தார்கள். டெக்சாஸில் சான் அன்டோனியோவில் உள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில், அமுக்கிய நைதரசனால் சுடும் நீளக் குழல் துப்பாக்கியால், அதே எடை நுரையை அதே வேகத்தில். முதலில் 6ஆம் பலகையில் அடித்தபோது வெடிப்பு விழுந்ததோடு சரி. 2003 ஜூலை 7 அன்று அட்லாண்டிஸ் என்ற இன்னொரு விண்ணோடத்தில் இருந்து கழற்றிய 8ஆம் பலகையில் அடித்தார்கள். நாற்பது சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஓட்டை. தலையை உள்ளே விடலாம். அந்தப் பலகைக்குள் பொருத்தியிருந்த கமராவின் படம் இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஒவ்வொரு இறக்கையிலும் இப்படி 22 பலகை. எல்லாவற்றுக்கும் வளைவு வேறு வேறு. எந்தப் பலகையில் எந்தக் கோணத்தில் பட்டது என்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது.

குளிரறை பாஸ் | ஞாயிறு, காலை 7.15

நுரை பற்றி என்றால் நான் வாய் திறக்கலாம். பேலியகொடைப் பக்கம் குளிரறைகளுக்கு நுரை அடிக்கிற தொழில் எனக்கு.

வெளியே இருந்து பார்த்தால் நுரைச் சுவர் ஒரே கட்டி. உள்ளே அப்படி இல்லை. துப்பாக்கியால் அடிக்கும்போது ஒரு படை அடித்து, அது ஊதி நின்ற பிறகு அடுத்த படை. முதல் படையின் மேல் தோல் கட்டிவிடும். இரண்டு படைக்கும் நடுவே காற்று அடைபட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. நேரான சுவரில் இந்தச் சில்லறை வேலை குறைவு. குழாய் வருகிற இடம், தாங்குகோல் பொருத்திய இடம், ஆணித் தலை இருக்கிற இடம், இங்கேதான் கள்ளன் ஒளிந்திருப்பான். துப்பாக்கி மூக்கு மூலைக்குள் போகாது. பிறகு கத்தியால் சீவி வடிவு எடுக்கிறோம். சீவும்போது மேல் தோல் போய்விடும், ஈரம் உள்ளே இழுக்கும். அறையை மைனஸ் 20க்கு இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி ஓடவிட்டால் ஒரு வருடத்தில் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த மூலைதான். கட்டைவிரலால் தட்டினாலே சத்தம் வேறு மாதிரிக் கேட்கும்.

சேர் சொல்லும் துண்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்று நேற்று இரவு தேடி வாசித்தேன். தாங்கியையும் விண்ணோடத்தின் மூக்குப் பக்கத்தையும் இணைக்கிற இரு கால் தாங்குகோல். அந்தப் பொருத்துக்கு மேலே சரிவாக அடித்த நுரை. கையால் அடித்து, கையால் சீவி எடுத்தது. வாசித்தவுடன் எனக்கு மீதிக் கதை தேவைப்படவில்லை. அதே மாதிரி வேறு தாங்கிகளில் இருந்த சரிவு நுரையை வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெற்றிடமும் குறைகளும் இருந்தனவாம். இருக்காமல் எப்படி.

எங்களுக்கு மைனஸ் 20. அவர்களுக்குத் திரவ ஐதரசன், மைனஸ் 253. அந்தக் குளிரில் நுரைக்குள் அகப்பட்ட காற்றே திரவமாகிவிடும். மேலே போகும்போது சூடேறித் திரும்ப வாயுவானால் உள்ளிருந்து தள்ளும். அதுவும் ஒரு காரணமாக ஆராயப்பட்டது. ஆனால் அன்றைக்கு அந்தத் துண்டு பிய்ந்ததற்கு இதுதான் காரணம் என்று குழு ஒன்றைக் கைகாட்டவில்லை.

கட்டுநாயக்க ஸ்பானர் | ஞாயிறு, பிற்பகல் 1.20

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம்.

பாஸ் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட நான் மாற்ற மாட்டேன். ஆனால் நுரை பிய்ந்ததை விட எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் வேலையில் வெளிப்பொருள் சேதம் என்பது தினசரி. பறவை அடிக்கும், ஓடுபாதையில் கிடந்த கல்லை இயந்திரம் உறிஞ்சும். அப்போது என்ன செய்கிறோம்? விசிறி இதழ் ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் நகத்தை வைத்து அடியிலிருந்து நுனிவரை இழுக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வெட்டு நகத்தில் மாட்டும். உள்ளே போரஸ்கோப் என்ற மெல்லிய குழல் கமராவை விட்டுப் பார்க்கிறோம். வெட்டின் ஆழம் எவ்வளவு, நுனியிலிருந்து தூரம் எவ்வளவு என்று அளந்து கையேட்டைத் திறந்தால், எவ்வளவு வரை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம், எதற்கு மேல் போனால் இதழை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த அளவை எழுதியவருக்கு என் விமானத்தையும் தெரியாது, அது எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதும் தெரியாது. அதுதான் அந்தக் கையேட்டின் பலம்.

விண்ணோடத்துக்கும் அப்படி ஒரு விதி இருந்தது. தாங்கியிலிருந்து எதுவும் உதிர்ந்து விண்ணோடத்தில் படக்கூடாது என்பதே ஆரம்ப வடிவமைப்பு நிபந்தனை. முதல் பயணத்திலிருந்தே உதிர்ந்தது. படம் கிடைத்த 79 பயணங்களில் 65இல் நுரை இழப்பு தெரிந்தது. ஒவ்வொரு முறையும் வெப்பம் தாங்கும் ஓடுகளை மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். விதியை மீறியது விண்ணோடம், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வளைந்துகொடுத்தது விதி.

இரண்டு இடத்தில் நின்றிருக்கலாம். ஒன்று 1988 டிசெம்பர், அட்லாண்டிஸ், எஸ்டிஎஸ்-27 (எஸ்டிஎஸ் என்பது விண்ணோடப் பயண எண்). பக்கத்தில் பொருத்திய திண்ம எரிபொருள் உந்தியின் மூக்கில் பூசியிருந்த பொருள் பிய்ந்து வயிற்றுப் பக்கம் முழுக்க அடித்தது. 700க்கு மேற்பட்ட ஓடுகளில் சேதம். ஒரு ஓடு முழுசாகவே இல்லை. அந்த ஓட்டுக்குக் கீழே அன்டெனா பொருத்தும் தடித்த உலோகத் தட்டு இருந்ததால் தப்பினார்கள். தளபதி கிப்சன் இயந்திரக் கைக் கமராவில் சேதத்தைப் பார்த்துச் சொன்னார். அது இராணுவப் பயணம், படம் மறைகுறியாக்கப்பட்டுத் தெளிவில்லாமல் கீழே போனது. வெளிச்சத்தால் அப்படித் தெரிகிறது என்றது தரை.

இரண்டாவது 2002 ஒக்டோபர், எஸ்டிஎஸ்-112. கொலம்பியாவுக்கு மூன்று மாதம் முன்பு. பாஸ் சொன்ன அதே இடது சரிவிலிருந்து துண்டு பிய்ந்து திண்ம உந்தியில் அடித்துப் பள்ளம் போட்டது. அடுத்த பயணத்தை நிறுத்தவில்லை.

கொலம்பியாவில் மோதல் நடந்தது மறுநாளே படத்தில் தெரிந்துவிட்டது. உளவுச் செய்மதியாலோ தரைத் தொலைநோக்கியாலோ இறக்கையைப் படமெடுக்கச் சொல்லிப் பொறியியலாளர்கள் மூன்று வழியாகக் கேட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. கணினிக் கணிப்புக்குப் பயன்படுத்திய முறை சின்னச் சின்னத் துண்டுகளுக்காகச் செய்தது. இந்தத் துண்டின் கனவளவு அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. அந்த முறைகூட ஓடுகளைத் துளைத்துப் போகும் என்றே காட்டியது. அது எப்போதும் கூட்டித்தான் காட்டும் என்று தள்ளிவிட்டார்கள்.

பார்க்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்க முடியாதது. பறவை அடித்தது என்று விமானி எழுதிக் கொடுத்த பிறகு, இயந்திரத்தைத் திறக்காமல் "போன முறையும் அடித்தது, ஒன்றும் ஆகவில்லை" என்று நான் கையெழுத்து வைத்தால் அன்றைக்கே என் உரிமத்தைப் பிடுங்குவார்கள்.

தெஹிவளைத் தேனீ | ஞாயிறு, மாலை 4.02

ஸ்பானர் அண்ணா, பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கொலம்பியாவில் ஓட்டையை அடைக்க எதுவும் இல்லை. விண்வெளி நிலையத்துக்குப் போகவும் முடியாது, சுற்றுப்பாதை வேறு.

அட்லாண்டிஸை அவசரமாக ஏவிக் காப்பாற்றியிருக்கலாமா என்று குழு பிறகு ஆராய்ந்தது உண்மை. அது மார்ச் 1க்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கொலம்பியாவில் இருந்ததைச் சிக்கனமாகப் பாவித்தால் பெப்ரவரி நடுப்பகுதி வரை தாங்கும். எல்லாம் சரியாக நடந்தால் என்ற நிபந்தனையோடு, இயலும் என்றார்கள். எனக்கென்றால் அது பிறகு உட்கார்ந்து போட்ட கணக்காகவே தெரிகிறது. அதே தாங்கி, அதே நுரை, அதில் இன்னும் நாலு பேரை ஏற்றி அனுப்ப வேண்டும்.

அதனால் நான் மாணவர்கள் பக்கம். வடிவத்தை மாற்றியதுதான் தீர்வு. சோயுஸ், டிராகன், ஓரியன் கலங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் உச்சியில். வெப்பக் கவசம் அடியில் மூடியபடி இருக்கிறது, திரும்பும்போதுதான் வெளியே வரும். 2018 ஒக்டோபரில் சோயுஸ் எம்எஸ்-10 புறப்பட்டபோது பக்க உந்தி ஒன்று சரியாகப் பிரியாமல் நடு ரொக்கெட்டில் போய் இடித்தது. பொருத்தும்போது வளைந்துபோன ஒரு சின்ன உணரி ஊசிதான் காரணம். ரொக்கெட் போய்விட்டது. ஆட்கள் இருவரும் கஸகஸ்தானில் பத்திரமாக இறங்கினார்கள். விண்ணோடத்தில் இதே நடந்திருந்தால்?

கட்டுநாயக்க ஸ்பானர் | ஞாயிறு, இரவு 9.50

எம்எஸ்-10 நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உச்சியில் இருந்தால் ஒன்றும் விழாது என்பதற்கு ஸ்கைலாப் பதில் சொல்லும்.

1973 மே 14. சாட்டர்ன் ரொக்கெட்டின் உச்சியில்தான் ஸ்கைலாப் நிலையம் இருந்தது. மேலே எதுவும் இல்லை. 63 செக்கனில் அதன் உடம்பிலேயே சுற்றியிருந்த விண்கல் கவசத்துக்கு அடியில் காற்று புகுந்து அதைக் கிழித்தது. கிழிந்த கவசம் ஒரு சூரியத் தகட்டின் கட்டைத் தளர்த்திவிட, அது பிறகு பறந்தே போனது. இன்னொரு தகட்டைக் கவசத்தின் ஒரு கீலம் சுற்றிப் பிடித்துத் திறக்க முடியாமல் ஆக்கியது. கவசம் வெயிலையும் மறைக்க வேண்டியது. அது போனதால் உள்ளே அடுப்பு. மே 25இல் போன கொன்ராட், கெர்வின், வைட்ஸ் மூவரும் குடை மாதிரி ஒன்றை உள்ளிருந்து விரித்து வெப்பத்தைக் குறைத்து, பிறகு வெளியே போய்க் கீலத்தை வெட்டித் தகட்டை விடுவித்தார்கள்.

அடுத்தது இயந்திரத்துக்குள்ளேயே உதிர்வது. இது எங்கள் சாதிக்காரருக்கு நெஞ்சில் குத்துகிற கதை. 1999 ஜூலை, கொலம்பியாவேதான், எஸ்டிஎஸ்-93. பிரதான இயந்திரம் ஒன்றில் பழுதான ஒக்சிஜன் குழல் ஒன்றை அடைப்பதற்குத் தங்கம் பூசிய சின்ன ஊசி ஒன்றைச் செருகியிருந்தார்கள். இயந்திரம் மூண்டவுடன் ஊசி துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து, கூம்பின் உட்பக்கச் சுவரில் ஓடும் குளிரூட்டும் குழாய்களில் மூன்றைக் கிழித்தது. சுற்றுப்பாதை போகும் வரை ஐதரசன் கசிந்துகொண்டே இருந்தது. கசிவை ஈடுகட்ட இயந்திரம் ஒக்சிஜனைக் கூடுதலாகக் குடித்து, கணக்குக்குக் கொஞ்சம் முன்பே நின்றது. அன்றைக்குத் தளபதி எய்லீன் கொலின்ஸ். நுரையும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை, நம்மைப் போல ஒருவர் செருகிய ஊசி.

கொன்கோர்ட் பயணிகள் விமானமும் அப்படித்தான். 2000 ஜூலை 25, பாரிஸ். முன்னே கிளம்பிய வேறு விமானத்திலிருந்து விழுந்த டைட்டேனியக் கீலம் ஓடுபாதையில் கிடந்தது. அது டயரைக் கிழிக்க, டயர்த் துண்டு எரிபொருள் தாங்கியில் அடித்தது. 113 பேர்.

தரையைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள் சேர். 2023 ஏப்ரல் 20இல் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் ரொக்கெட் முதல் முறை முழுசாகக் கிளம்பியபோது கீழே இருந்த கொன்கிறீட்டே பெயர்ந்து பறந்தது. பிறகு தண்ணீர் பாய்ச்சும் உருக்குத் தட்டுப் போட்டார்கள். அதே ஸ்டார்ஷிப்பில் வெப்ப ஓடுகள் ஒரு பக்கம் முழுக்க வெளியே தெரியத்தான் இருக்கின்றன. மூடி வைக்கவில்லை. அது மனிதரை ஏற்றித் தரைக்குத் திரும்பும் நாளில் ஓட்டுக் கதை திரும்பத் தொடங்கும்.

முகத்துவாரத்தான் | திங்கள், காலை 6.10

சரி, நுரைக் கணக்கை நம்புகிறேன். எங்கள் கவலை மேலே போகிறவனுக்கு அல்ல, கீழே இருக்கிறவனுக்கு. இந்தியா விடுகிற ரொக்கெட்டின் துண்டு எங்கள் தலையில் விழாதா? இப்போது தூத்துக்குடிப் பக்கமும் ஏவுதளம் கட்டுகிறார்களே.

பம்பலப்பிட்டி மாஸ்டர் | திங்கள், காலை 6.45

குலசேகரப்பட்டினத்தைச் சொல்கிறீர்கள். 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது உண்மையில் உங்கள் கவலையைக் குறைக்கிற திட்டம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் பாதை இலங்கைக்கு மேலே வரும். கழன்று விழும் பாகங்கள் எங்கள் நாட்டில் விழக்கூடாது என்பதற்காகவே துருவப் பாதைக்குப் போகிற பிஎஸ்எல்வி ரொக்கெட் முதலில் தென்கிழக்கே போய், கடல்மேல் திரும்பித் தெற்கே போகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும், சின்ன ரொக்கெட்டுக்கு அது கட்டாது. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே திறந்த கடல்.

வானத்திலிருந்து எங்கள் பக்கம் வந்த பொருள் என்றால் 2015 நவம்பர் 13. டபிள்யூடி1190எஃப் என்று பெயர் வைத்த பழைய ரொக்கெட் பாகம் என்று கருதப்படும் பொருள் ஒன்று தெற்குக் கரைக்கு அப்பால் கடல்மேல் எரிந்தது. உங்கள் ஆட்களுக்கும் அன்று அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று அறிவித்தல் வந்திருக்கும்.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 8.00

கீழே விழுவதற்குத் தனி இழை திறக்கிறேன். இங்கே ஏவும்போது கலத்தில் படுவது மட்டும். கொழும்பு வானம் பற்றிய பதிவுகளை அங்கே போடவும்.

குளிரறை பாஸ் | திங்கள், இரவு 7.40

மட்டுறுத்துநர் ஐயா திட்டுவதற்கு முன் ஒன்று. 1995இல் டிஸ்கவரி விண்ணோடம் ஏவுதளத்தில் நின்றபோது மரங்கொத்திகள் தாங்கியின் நுரையில் கொத்தி ஏறத்தாழ 200 ஓட்டை போட்டுவிட்டன. பயணம் ஜூலைக்குத் தள்ளிப் போனது. பிறகு பறவைகளை விரட்டப் பிளாஸ்டிக் ஆந்தை வைத்தார்கள். எங்கள் குளிரறைக் கூரையில் எலி செய்கிற வேலைக்கு நானும் பிளாஸ்டிக் பூனை வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

உண்மையான கேள்வி: அந்தச் சரிவு நுரையைக் கடைசியில் என்ன செய்தார்கள்? நன்றாக அடிக்கப் பழக்கினார்களா?

கட்டுநாயக்க ஸ்பானர் | திங்கள், இரவு 8.25

எடுத்தே விட்டார்கள். அந்த இடத்தில் நுரை போட்டது பொருத்தின்மேல் பனி கட்டாமல் இருக்கத்தான். நுரைக்குப் பதில் மின்சூடாக்கி வைத்தார்கள். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அதோடு முடியவில்லை. 2005 ஜூலை 26, திரும்பப் பறந்த முதல் பயணம், எஸ்டிஎஸ்-114 டிஸ்கவரி, தளபதி மறுபடியும் எய்லீன் கொலின்ஸ். இரண்டரை வருடம் திருத்திய பிறகும் வேறொரு நீளச் சரிவிலிருந்து பெரிய துண்டு பிய்ந்தது. நல்லகாலம், படாமல் போனது. மறுபடியும் ஒரு வருடம் நிறுத்தினார்கள். அந்தச் சரிவையும் கழற்றினார்கள்.

ஒன்று மட்டும் உண்மையாக மாறியிருந்தது, பார்க்கும் வசதி. விண்வெளி நிலையத்துக்கு 180 மீற்றர் கீழே நின்று விண்ணோடம் மெதுவாக ஒரு குட்டிக்கரணம் அடிக்கும். நிலையத்திலிருந்து இரண்டு பேர் நீளக் குவியக் கமராவால் வயிற்றுப் பக்க ஓடுகளை வரிசையாகப் படமெடுப்பார்கள். இயந்திரக் கையின் நுனியில் லேசர் பொருத்திய நீளக் கோலால் இறக்கை முன்விளிம்பை வருடிப் பார்ப்பார்கள். எஸ்டிஎஸ்-114இல் அந்தப் படத்தில்தான் ஓடுகளுக்கு நடுவே இடைவெளி நிரப்பும் துணி இரண்டு இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஸ்டீவ் ரொபின்சன் கையின் நுனியில் நின்றபடி அடிப்பக்கம் போய் இரண்டையும் விரலால் இழுத்து எடுத்தார். வெட்டுவதற்கு அறுக்கும் வாள்கூடக் கொண்டு போயிருந்தார், தேவைப்படவில்லை.

தேனீ கேட்டதற்குப் பதிலும் இதில் உண்டு. 2009இல் ஹபிள் தொலைநோக்கியைத் திருத்த அட்லாண்டிஸ் போனபோது, நிலையத்தில் ஒதுங்க வழியில்லை என்பதால் எண்டெவர் விண்ணோடத்தைப் பக்கத்து ஏவுதளத்தில் மீட்புக்குத் தயாராக நிறுத்தி வைத்தார்கள்.

தெஹிவளைத் தேனீ | செவ்வாய், இரவு 9.15

அப்படியென்றால் எஸ்டிஎஸ்-118க்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணா? 2007 ஓகஸ்ட், எண்டெவர். பத்து சென்ரிமீற்றர் அளவு நுரைத் துண்டு தாங்கியின் குழாய்ப் பிடி ஒன்றிலிருந்து பிய்ந்து, கீழே இருந்த தாங்குகோலில் பட்டுத் தெறித்து, வயிற்றுப் பக்கத்தில் அடித்தது. ஒன்பது சென்ரிமீற்றர் அளவு பள்ளம், ஓடு முழுவதையும் தாண்டி அடியில் இருக்கும் மெத்தைத் துணி தெரியும் அளவுக்கு. உள்ளே ஏழு பேர். அதில் ஒருவர் பார்பரா மோர்கன், சலெஞ்சர் விண்ணோட விபத்தில் இறந்த ஆசிரியைக்கு மாற்றாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தவர். அடைக்கும் பசை கையில் இருந்தது, வெளியே போகப் பழகிய ஆட்களும் இருந்தார்கள். எல்லாம் இருந்தும் திருத்தாமல் இறங்கச் சொன்னார்கள். "ஒன்றும் ஆகாது" என்று 2003இல் சொன்னதும் இதுவும் எந்த விதத்தில் வேறு? ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் விதி வளைந்துகொடுத்தது என்று குற்றம் சாட்டியது நீங்கள்தானே.

கட்டுநாயக்க ஸ்பானர் | செவ்வாய், இரவு 10.40

நல்ல அடி. ஆனால் வேறுதான்.

2003இல் இறக்கையை யாரும் பார்க்கவில்லை. 2007இல் லேசரால் பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், உள்ளே சரிவு எந்தப் பக்கம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். அதே வடிவத்தைத் தரையில் ஓட்டில் வெட்டி, மின்வில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, இறங்கும்போது வரும் வெப்பத்தை அதன்மேல் ஊதினார்கள். அடியில் இருக்கும் அலுமினியம் எவ்வளவு சூடாகும் என்று கணக்கும் பரிசோதனையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவு. திருத்தப் போவதிலும் ஆபத்து இருந்தது. கோலின் நுனியில் ஆடிக்கொண்டு வயிற்றுப் பக்கம் போகிறவரின் தலைக்கவசமோ கருவியோ பக்கத்து ஓட்டில் இடித்தால் ஒரு பள்ளம் இரண்டாகும். எங்கள் ஹேங்கரிலும் திருத்தப் போய்ப் புதுச் சேதம் செய்தவர்கள் உண்டு.

தெஹிவளைத் தேனீ | செவ்வாய், இரவு 11.05

அளந்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிடியிலிருந்து நுரை உதிர்வது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். தெரிந்தும் பறந்தார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை.

கட்டுநாயக்க ஸ்பானர் | செவ்வாய், இரவு 11.20

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிடிக்குப் புது வடிவம் வரைந்துகொண்டிருந்தார்கள், அது வரும் வரை பறப்போம் என்றார்கள்.

குளிரறை பாஸ் | புதன், காலை 6.30

அந்தப் பிடி ஏன் விட்டுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். தாங்கிக்குள் குளிர் திரவம் ஏறும்போது தாங்கி சுருங்கும், குழாயும் சுருங்கும், இரண்டும் ஒரே அளவாகச் சுருங்காது. அதற்காகப் பிடியை அசையும்படி செய்திருப்பார்கள். அசைகிற மூட்டின்மேல் நுரை அடித்தால் வெடிக்கும், வெடித்த இடத்தில் பனி கட்டும், பனி நுரையைக் கிளப்பும். புது வடிவம் என்ன?

கட்டுநாயக்க ஸ்பானர் | புதன், பிற்பகல் 12.15

அலுமினியப் பிடிக்குப் பதில் டைட்டேனியம், 2008இல் பறந்த தாங்கியிலிருந்து. டைட்டேனியம் குளிரைக் குறைவாகக் கடத்தும், அதனால் பனி குறைவு, அதற்கு மேல் அடிக்க வேண்டிய நுரையும் குறைவு.

குளிரறை பாஸ் | புதன், பிற்பகல் 12.40

அது சரியான வேலை. எங்கள் குழாய்ப் பிடிகளுக்கு டைட்டேனியம் கட்டுப்படியாகாது. நடுவில் மரக்கட்டை வைக்கிறோம்.